யார் பாரத்தை யார் சுமப்பது?

“நாங்கதான் சேத்துல கெடந்து செத்தோம், நீயாவது படிச்சு மேல வா.” பரீட்சை வந்துவிட்டால் கூமாப்பட்டியில் நம் தெருப் பிள்ளைகள் கேட்கிற பேச்சு இது. ஏக்கம் நியாயமானதுதான். ஆனால், தலைமுறை தலைமுறையாக நம்மேல் ஏற்றிய பாரத்தை இறக்கிவைக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தலைதானா கிடைத்தது?

அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது 750க்கு 282. அதையே கூட்டம் போட்டுக் கொண்டாடினார்கள். இன்று நம் பிள்ளை அந்த மார்க்கோடு வந்தால் என்ன பேசுவோம்?

அப்போது பம்பாய் பரேலில் அவர்களுக்கு இருந்தது ஒற்றை அறை. அப்பா ராம்ஜி இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்தார். கண்டிப்பானவர்தான், ஆனால் சிரமத்தில் பாதியைத் தானும் சுமந்தார்.

குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் நீட் வழிமறித்தது. 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். மார்க் மட்டுமே கதவைத் திறக்காது. நம் கோபம் கதவை அடைத்தவர்கள்மேல் போகட்டும், பிள்ளைமேல் வேண்டாம்.

பரீட்சை மாதத்தில் கூலி வேலைக்குக் கூப்பிடாதிருப்போம். விளக்கும் சோறும் கொடுப்போம். “போனா போகுது, துணைத்தேர்வு இருக்கு, எழுதிக்கலாம்” என்று சொல்வோம். நம் கடமை அது.