மோட்டாருக்கு வலிக்காது

ஒரு மனிதனின் உடல் பலம் எத்தனை வாட்ஸ்? என்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு இது சாதாரணக் கணக்கு. நாள் முழுக்க உடலால் உழைக்கும் ஒருவர் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 75 வாட்ஸ். ஒரு குதிரைத்திறன் 746 வாட்ஸ். ஆக, ஒரு குதிரைத்திறன் மோட்டார் பத்துப் பேருக்குச் சமம். தசை, தான் எரிக்கும் சக்தியில் சுமார் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி சூடாகப் போய்விடும். நல்ல மின்மோட்டார் 90 விழுக்காடு வரை மாற்றும். இந்தக் கணக்குல தசை தோத்துப்போச்சு.

ஆனால் தசையிடம் வேறு சில குணங்கள் உண்டு. மோட்டார் ஓட ஓடத் தேயும். தசையோ அளவாக வேலை கொடுத்து, சாப்பாடும் ஓய்வும் தந்தால், தன்னையே பழுதுபார்த்து இன்னும் பலமாகும். அளவு மீறினால் வலிக்கும். அந்த வலி, "போதும், நிறுத்து" என்று உடல் சொல்வது. மோட்டார் சூடாகும், புகையும்; ஆனா அதுக்கு வலிக்காது. நம்முடைய தர்மக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ல் தொடங்கியது. இந்த மலைச்சரிவுகளில் கூடை சுமந்து, இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கொழுந்து கிள்ளியவர்கள் நம் பாட்டிமார்கள். பிறகு கத்தரி வந்தது. அதன் பிறகு, இரண்டு பேர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் மோட்டார் இயந்திரம் வந்தது. பிளேடு வெட்டும், காற்று இலையைப் பைக்குள் தள்ளும்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். வெட்டுவது மோட்டார்தான். ஆனால் அந்த இயந்திரத்தின் எடையையும் அதிர்வையும் மேட்டிலும் பள்ளத்திலும் தாங்குவது மனிதத் தோள். விரலில் இருந்த வலி தோளுக்கு மாறியிருக்கு, அவ்வளவுதான். இன்று அந்தத் தோள்களில் பல, வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்களுடையவை. அன்றைக்கு நம்ம ஆளுங்க வந்த மாதிரியே இவங்களும் வந்திருக்காங்க.

அப்படியென்றால் மோட்டார் வேண்டாமா? வேண்டும். முதுகு வளைந்து மூட்டை தூக்குவதில் புனிதம் எதுவும் இல்லை. ஆனால் மோட்டார் மிச்சப்படுத்திய நேரமும் பணமும் யாருக்குப் போகுது? கிலோ கூடும்போது கிலோவுக்கான கூலி குறைந்தால், பலன் அந்தத் தோளைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். அது நியாயமா?

தைப்பூசத்தன்று தேரை இழுக்க ஒரு டிராக்டர் போதும். ஆனாலும் வடத்தைத் தொட நாம் முண்டியடிக்கிறோம், ஏன்னா அது நாமே விரும்பிக் கொடுக்கும் உழைப்பு. விரும்பிக் கொடுப்பது தொண்டு. வேறு வழியில்லாமல் கொடுப்பதற்கு நியாயமான கூலியும் ஓய்வும் கடன்.

ஆயுத பூஜையில் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நல்ல பழக்கம், விட்டுவிட வேண்டாம். கூடவே, அந்த இயந்திரத்தைப் பிடிக்கும் கைகளையும் அன்று நினைப்போம். திரிங்காப் பக்கம் உள்ள நம் இளைஞர் மன்றங்கள் இந்த வருடப் பூஜைக்கு அந்தத் தொழிலாளர்களையும் அழைக்கலாம். அவங்க எந்த நாடு, எந்த மதம்னு பார்க்க வேண்டாம். முதல் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவோம். நாளைக்கு நம்மில் சிலர் இயந்திரங்களை வடிவமைப்போம். வாட்ஸ் கணக்கை எழுதும்போது, பிடிக்கிறவர் தோளுக்கும் அதில் ஒரு வரி இருக்கட்டும்.