குற்றமில்லாத கடமை

மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தலைகாட்டும் நோய். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை அரித்துவிடுகிறது. பார்வை மங்குகிறது, நடை தள்ளாடுகிறது, தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு வந்து அமுக்குகிறது. ‘எனக்கு ஏன்?’ என்று கேட்பவருக்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று உண்டு: முன்வினை. இப்போது புதிய பதிலும் சேர்ந்திருக்கிறது: கண்டதைத் தின்றாய், உடம்பைக் கவனிக்கவில்லை. முதலாவது சமயத்தின் பேச்சு, இரண்டாவது மருத்துவத்தின் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் நோயாளியைத்தான் குற்றவாளி ஆக்குகின்றன. அந்தக் குற்றச்சாட்டு பொய் என்பதும், அதைத் தள்ளிய பிறகும் உடலைப் பேணும் கடமை அப்படியே நிற்கிறது என்பதும் என் வாதம்.

பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் இதே கேள்வியைக் கேட்கிறார். மனிதன் படும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினையின் பயன்தானா? புத்தர் அதை ஏற்கவில்லை. பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று காரணங்களை அடுக்கி, வினைப்பயனையும் அவற்றில் ஒன்றாகவே வைக்கிறார். கர்மத்தை முழுமையாக நம்பிய ஒரு மரபின் நடுவிலிருந்து வந்த பதில் இது என்பதை மறக்கக் கூடாது. இன்றைய ஆய்வும் அப்படித்தான் பல காரணங்களைக் காட்டுகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய்க்கான வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் கண்டது. அந்த வைரஸோ உலகில் பெரும்பாலோர் உடலில் இருக்கிறது. நோய் வருவது மிகச் சிலருக்கே. மரபணு, வெயில் படாமை, புகைப்பழக்கம் என்று இன்னும் பல சேர வேண்டியிருக்கிறது. இத்தனை இழைகளில் எதைப் பிடித்து ஒருவர்மேல் பழி சுமத்துவது?

அப்படியானால் நடப்பதை நடக்கவிட்டுச் சும்மா இருக்கலாமே என்று கேட்கலாம். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. உடலை வருத்தி உழைத்தால் இந்நோயாளிகளின் பார்வை மங்குவதை ஜெர்மன் மருத்துவர் ஊத்தோஃப் 1890இல் விவரித்தார். உடல் சூடேறுவதே அதற்குக் காரணம். சூடு தணிந்ததும் பார்வை திரும்பிவிடும்; ஆனாலும் நீண்டகாலம் நோயாளிகளை உடற்பயிற்சியிலிருந்து விலக்கியே வைத்தார்கள். ஆனால் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில் 15 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்கு உடல்திறனும் மனநிலையும் மேம்பட்டன. புகையை விட்டவர்களுக்கு உடல் முடங்கும் வேகம் குறைகிறது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் மூளைக்குக் காவல். வாசிப்பும் கல்வியும் நிறைந்த வாழ்க்கை வாழ்ந்தவர்களின் நினைவாற்றல், மூளையில் சேதம் ஏறிய பிறகும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பழக்கங்கள் உதவும் என்றால், நோய் முற்றியவர் முயலவில்லை என்றுதானே பொருள்? இல்லை. மழை பயிரை வளர்க்கும் என்பதால் கருகிய பயிரெல்லாம் மழை காணாதது ஆகிவிடாது. மருந்து பலிக்காதபோது நாம் நோயாளியைத் திட்டுவதில்லை; நடைப்பயிற்சி பலிக்காதபோது மட்டும் ஏன் திட்ட வேண்டும்? ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஊழின் வலிமையை ஒப்புக்கொண்டே முயற்சியைக் கேட்கும் அந்த நேர்மைதான் இங்கே வேண்டியது. விளைவு நம் கையில் இல்லாதபோதும் செயலுக்கான கடமை உண்டு. அந்தக் கடமையின் அளவு அவரவர் உடம்பில் மிஞ்சியிருக்கும் வலுவைப் பொறுத்தது. எழுந்து நிற்கவே முடியாத நாளில் ஓய்வெடுப்பதும் கடமையைச் செய்வதுதான்.

இந்தக் கடமை நோயாளிக்கு மட்டும் உரியதும் அல்ல. வீட்டுக்குள் புகைபிடிக்காமல் இருப்பது, வெயில் ஏறுமுன் கூட நடக்கத் துணை போவது, அடுப்படி வேலையை வாங்கிக்கொண்டு படுக்க விடுவது எல்லாம் சுற்றியிருப்பவர்கள் செய்ய வேண்டியவை. பத்தியத்தை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீர்கள். என்ன பாவம் செய்தாயோ என்று கேட்பதையும் இன்றோடு விடுங்கள்.