உடலைப் பேணுதல் பற்றோ, கடமையோ?



சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் தம்ம உரைக்காகச் செல்லுங்கால் நம்மிடம் அடிக்கடி எழுப்பப்படும் வினா ஒன்றுண்டு. இருதயத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் கேட்கிறார்: "உடல் நிலையற்றது என்று பகவான் போதித்தாரே; அவ்வுடலுக்காக மாத்திரை, உணவளவு, நடை, ஓய்வு என்று நாள் முழுதும் கணக்குப் பார்ப்பது பற்று அன்றோ?" மற்றொருவர், "ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி எனக்கென்ன குறை?" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மூன்றாமவரோ அச்சத்தால் படுக்கையை விட்டு எழவே மறுக்கிறார். மூவரும் வெவ்வேறு திசையில் நிற்பது போலத் தோன்றினும், மூவரின் எண்ணமும் ஒரே வேரினின்று முளைத்ததேயாகும். "இவ்வுடல் என்னுடையது, இதனை என் விருப்பம் போல் நடத்துவேன்" என்பதே அவ்வேர். அஃது உண்மைதானா என ஆராய்வோம்.

இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் இயந்திரத்திடம் ஒப்படைத்து அறுவை செய்யும் முறையை அமெரிக்காவில் டாக்டர் ஜான் கிப்பன் 1953இல் வெற்றியுடன் நிகழ்த்தினார். 1961இல் சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திறந்த இருதய அறுவை நடைபெற்றது. அர்ஜெண்டினா நாட்டவரான டாக்டர் ரெனே ஃபவலோரோ 1967இல் காலின் இரத்தக் குழாயைக் கொண்டு மாற்றுவழி அமைக்கும் முறையை நிலைநிறுத்தினார். ஆயினும் ஏழை எளியவர்க்கு இவை நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தன. அமெரிக்கா சென்று அறுவை செய்துகொள்ளப் பொருளின்றி 1979இல் இளவயது நோயாளி ஒருவர் மாண்டதே, தாம் 1983இல் சென்னையில் மருத்துவமனை நிறுவக் காரணமாயிற்று என்று, சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் பிறந்த டாக்டர் பிரதாப் சி. ரெட்டி கூறியுள்ளார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் நம் நாட்டிலேயே உருவாக்கிய செயற்கை வால்வு 1990இல் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993இல் பணி தொடங்கியது. 2007இல் ஆந்திர அரசு கொணர்ந்த ஆரோக்கியஸ்ரீ திட்டம், வறியவர்க்கும் இச்சிகிச்சை கிடைக்க வழி செய்தது. குழந்தைகளுக்கெனத் தனி இருதய மருத்துவமனையொன்றும் 2021இல் திருப்பதியில் திறக்கப்பெற்றது.

இவற்றையெல்லாம் எடுத்துரைப்பது ஏனெனில், தைக்கப்பட்ட ஒரு மார்புக்குப் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு நிற்கிறது என்று காட்டுதற்கேயாம். இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர், கழிவு அகற்றிய தொழிலாளி, வரி செலுத்திய பொதுமக்கள், முகமறியாதவர்க்கு இரத்தம் ஈந்தோர் ஆகிய அனைவரும் அம்மார்பினுள் இருக்கின்றனர். இரத்தம் தந்தவர் எச்சாதியார், எம்மதத்தார் என்று நரம்பு கேட்பதில்லை. பின்னர் அவ்வுடலை "என்னுடையது" என்று உரைக்க நாம் யார்? அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். ஒப்படைத்த பொருளைக் காப்பது பற்று அன்று, நேர்மையாகும்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீட்சை பெற்று, இலட்சக்கணக்கானோரையும் அவ்வழியில் சேர்த்தார். நீரிழிவால் பல்லாண்டு நலிந்திருந்த அவர், டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். இடையே இருந்தவை 53 நாட்களே. இன்னும் ஐந்தாண்டு அவ்வுடல் நிலைத்திருப்பின் எத்தனை குழப்பங்கள் நீங்கியிருக்கும் என்று எண்ணி ஏங்காத பௌத்தர் உண்டோ? ஒருவர் உடல் அவர் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் இழப்பினால் கற்றோம். ஒரு குடும்பத்தின் தந்தைக்கும் தாய்க்கும் இஃதே பொருந்தும்.

இனி, "பற்று" என்னும் ஐயத்துக்கு வருவோம். கிரேக்க குலத்து மன்னன் மிலிந்தன், துறவிகளுக்கு உடல் மீது அன்பு உண்டோ என்று நாகசேன தேரரை வினவினான். இல்லை என்றார் தேரர். அன்பில்லையேல் அதனைப் பேணுவது ஏன் என்று மன்னன் மடக்கினான். போரில் புண்பட்டபோது மருந்திட்டுத் துணியால் கட்டினாயே, அப்புண்ணின்மீது உனக்கு அன்பா என்று தேரர் திருப்பிக் கேட்டார். புண் ஆறுதற்காகவே கட்டியதாக மன்னன் ஒப்புக்கொண்டான். துறவிகளும் அவ்வாறே நல்வாழ்க்கையின் பொருட்டு உடலைப் பேணுகின்றனர் என்று தேரர் விளக்கினார். மார்பெலும்பை அறுத்துக் கம்பியால் பிணைத்து வந்தவர்க்கு இதனினும் ஏற்ற மறுமொழி வேண்டுமோ?

"நோய் தீர்ந்தது" என்பாரும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இருதயத்துக்கு உணவூட்டும் குழாய் அடைபட்டால் மருத்துவர் வேறொரு குழாயைப் பொருத்தி மாற்றுவழி அமைக்கிறார். பைபாஸ் என்பது இதுவே. அடைப்பை உண்டாக்கிய புகை, கொழுப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகிய காரணங்களைக் கத்தி அறுத்தெறிவதில்லை. அவை நிலைத்திருந்தால் புதிய குழாயும் அடைபடும். காரணம் இருக்கக் காரியம் தோன்றும், காரணம் நீங்கக் காரியம் நீங்கும் என்ற பகவானின் நெறி இங்குக் கண்கூடு. மருத்துவர் செய்வது பாதி. எஞ்சிய பாதியை நோயுற்றவரே நாள்தோறும் செய்தல் வேண்டும்.

அச்சத்தால் முடங்குவோர்க்கு ஆலைத் தொழிலாளர் அறிந்த உவமை ஒன்று கூறுவோம். பிரித்துப் பழுது பார்த்து மீண்டும் பூட்டிய நூற்பு இயந்திரத்தை அன்றே முழு வேகத்தில் ஓட்டுவாரில்லை. மெல்ல ஓட்டி, சூடேறுகிறதா, ஓசை மாறுகிறதா என்று கவனித்தே வேகம் கூட்டுவர். அதற்காக உறையிட்டு மூடியும் வையார். நின்ற இயந்திரம் துருப்பிடிக்கும். மார்பெலும்பு கூடுதற்கு ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள் ஆகும். முதல் இரண்டு மாதங்களில் 4, 5 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தூக்கலாகாது. தண்ணீர்க் குடமும் தூக்கலாகாது என்பதைப் பெண்டிர் நினைவிற் கொள்க. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்க. ஆயினும் நடை வேண்டும். முதலில் வீட்டுக்குள், பிறகு தெருவில், மருத்துவர் கூறும் அளவில் நாளுக்கு நாள் கூட்டி நடத்தல் வேண்டும். இஃதே நடுவழி.

நோயாளி எத்தன்மையராயின் அவர்க்குப் பணிவிடை செய்தல் எளிது என்பதற்குப் பகவான் ஐந்து பண்புகளை வகுத்தார். நன்மை தருவதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்தை ஒழுங்காக உண்ணல், நோயின் நிலையை மறையாது கூறல், வலியைப் பொறுத்தல் என்பன அவை. இவற்றை இக்காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவக்காய் ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இன்றி உண்ணாத நம் பக்கத்தார்க்கு அளவறிதல் என்பது உப்பளவேயாகும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர் இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையை ஒருநாளும் விடாது உண்டு, குறித்த நாளில் இரத்தச் சோதனை செய்தல் வேண்டும். பல் பிடுங்குமுன் வால்வு உள்ளதைப் பல் மருத்துவரிடம் சொல்லல் வேண்டும். கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி உண்ணலாகாது.

மறையாது கூறல் என்பதோ சீலத்தைச் சார்ந்தது. ஒளித்துப் பீடி குடித்துவிட்டு மருத்துவரிடம் "விட்டுவிட்டேன்" என்பது, பொய் உரையாமை என்னும் நான்காம் சீலத்தின் மீறலாகும். புண் சிவத்தல், சீழ், காய்ச்சல், எலும்பில் "களுக்" எனும் ஓசை, கால் வீக்கம், மூச்சுத் திணறல், ஒரே நாளில் 1 கிலோவோ ஒரு வாரத்தில் 2 கிலோவோ எடை கூடுதல் ஆகியவற்றை உடனே சொல்லுக. காரணமின்றி அழுகை வருவதும் உறக்கம் கெடுவதும் மனம் சோர்வதும் இச்சிகிச்சைக்குப் பின் பலர்க்கு நேர்வனவே. அஃது கோழைமை அன்று. அதனையும் மருத்துவரிடம் சொல்லுக.

பிழைத்தெழுந்தால் மலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டவர் நம் அண்டை வீட்டாரில் பலருளர். அவர்தம் நம்பிக்கையை நாம் இகழ்வதில்லை. அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகள். இருதய நோயுடையோர் நடந்து ஏற வேண்டாமென்று தேவஸ்தானமே 2024இல் அறிவுறுத்தியுள்ளது என்பதை அன்போடு அவர்க்கு எடுத்துச் சொல்லுவோம்.

இதுகாறும் நோயுற்றவர் கடமை கூறினோம். ஆனால் அதனோடு நிறுத்தினால் அநீதி செய்தவராவோம். மாதச் சம்பளமும் விடுப்பும் உடையவர்க்கு மூன்று திங்கள் ஓய்வு எளிது. மாந்தோப்பில் கூலிக்குக் காய் பறிப்பவரும், செங்கல் சுமக்கும் பெண்ணும் என் செய்வர்? அறுவைக்கு அரசு பணம் கொடுத்தாலும் அடுப்புக்கு அரிசி யார் தருவது? மூன்றாம் வாரமே சுமை தூக்கச் சென்றவரைக் "கட்டுப்பாடில்லாதவர்" என்று பழிப்பது எளிது; அவரை அங்கே தள்ளியது பசி.

வயிற்றுப்போக்கால் வருந்தித் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். பிற பிக்குகள் ஏன் அவரைக் கவனிக்கவில்லை? அவரால் அவர்களுக்குப் பயன் ஒன்றும் இல்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. பகவானே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்பு சங்கத்தைக் கூட்டி, தாய் தந்தையர் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவார் என்றும், தமக்குப் பணி செய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணி செய்க என்றும் அறிவுறுத்தினார்.

சம்பாதிக்கும் கை ஓய்ந்தவுடன் மனிதரின் மதிப்பும் ஓய்ந்துவிடும் என்னும் கொடிய கணக்கைப் பகவான் அன்றே அழித்தார். ஆகவே ஒவ்வொரு சங்கத்தாரும் தம் ஊரில் அறுவை முடிந்து திரும்பிய வீட்டைக் கண்டறிக. எட்டு வாரத்துக்கு அரிசி பருப்புக்கு வீடு வீடாகப் பிடியரிசி எடுங்கள். ஒரு பெண் நோயுற்றால் குடம் தூக்கவும் அடுப்பு மூட்டவும் ஆண்கள் முன் நில்லுங்கள். குறித்த நாளில் திருப்பதிக்கோ வேலூருக்கோ மறு சோதனைக்கு உடன் செல்ல ஒருவரை அமர்த்துங்கள்.

நோயுற்றவர் உண்மையோடு தம்மைப் பேணுக. ஏனையோர் அவர் தம்மைப் பேணுதற்கு இயலுமாறு செய்க. இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் மருத்துவர் தைத்த தையல் நிலைக்கும். அவ்வண்ணம் ஒழுகுவோமாக.