கருவியும் கல்வியும்

கருவி பெருகினால் கல்வி பெருகுமா என்னும் வினா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது. வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் எனப் பிள்ளைகளை வளர்க்கும் காக்ஸ் டவுன் தமிழர்க்கு அஃது இன்னும் நெருக்கமானது.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால், கருநாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிவழிப் பாடங்கள் சென்றன. அரிய முயற்சி அது. ஆயினும் பெட்டி பேசிற்று, பிள்ளைகள் கேட்டனர், ஐயம் எழுந்தால் பெட்டி விடை கூறாது. 2004இல் சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற எடுசாட், கல்விக்கென்றே அமைந்த நம் நாட்டுச் செயற்கைக்கோள். தொலைவிலுள்ள வகுப்பிலிருந்தும் ஆசிரியரை வினவ அது வழிசெய்தது. கேட்கும் கல்வி வினவும் கல்வியாக மாறியதே உண்மையான வளர்ச்சி எனலாம்.

இவ்வளவுகோலை எல்லாப் பாடங்களுக்கும் கொள்ளலாம். நிலப்படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவது நன்று. அல்சூர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று அதில் மாணவனையே தேடவைப்பது அதனினும் நன்று. 2018இல் வெளிவந்த தமிழகத்தின் புதிய பாடநூல்களில் இடம்பெற்ற கியூ.ஆர். குறியீடுகள், தமிழ்ப் பாடத்தைக் கைப்பேசிக்கே கொண்டுவந்தன. செய்யுளைக் கருவி ஓதக் கேட்பதோடு அமைந்தால், எழுத்தறியாமலே தமிழறிந்ததாகப் பிள்ளை எண்ணிவிடக்கூடும். தானே படித்து, பாட்டியிடம் பொருள் கேட்டு, தன் சொல்லில் எழுதும்போதே அது கல்வியாகிறது.

கருவி வாங்கித் தருதல் பொருளுடையார்க்கே இயலும். உடனமர்ந்து, "என்ன விளங்கிற்று?" என்று கேட்டல் எவர்க்கும் இயலும். முன்னதைச் செய்து பின்னதை விடுவோமாயின், பெற்றோர்க்குரிய கடமையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் ஆவோம்.