பார்வையாளனின் உடல்

என் நண்பன் ஒருவன், 32 வயது, கலியாணமாகி எட்டு மாதம், ஓர் இரவு காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கழனிவாசல் வரை என்னோடு நடந்து வந்தான். மழை விட்டிருந்தது. ஒரு மணி நேரம் பேசினான். பேச்சின் சாரம் ஒரே வாக்கியம்: ‘ஃபோன்தான் என்னையக் கெடுத்துருச்சு.’ காலேஜ் நாளிலிருந்து படம் பார்த்துப் பழகிய உடம்பு இப்போது மனைவியிடம் இணங்க மறுக்கிறது என்பது அவன் கட்சி. அவன் என்னிடம் வேண்டியது அனுதாபம் அல்ல, ஊர்ஜிதம். நான் ஊர்ஜிதம் செய்தேன். அதோடு நில்லாமல், இரண்டு நாள் கழித்து ஓர் ஆங்கிலக் கட்டுரையையும் அவனுக்கு அனுப்பிவைத்தேன். மூளையில் தடம் விழுந்துவிடும், மீள்வது கடினம் என்ற ரீதியில் எழுதப்பட்டது அது. படித்தபின் அவன் முயற்சி செய்வதையே விட்டுவிட்டான். மனைவி தேவகோட்டைக்குத் தாய்வீடு போனாள். நாலு பேர் படிக்கிற இந்தப் பக்கங்களில் இதை எழுதுவது அந்தக் காரியத்தின் பின்விளைவு.

முதலில் விஷயம் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். அனுப்புவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியதைப் பிற்பாடு பார்த்தேன். இண்டியானாவிலுள்ள கின்ஸி நிறுவனத்தின் யான்ஸன், பேன்க்ராஃப்ட் என்ற ஆய்வாளர்கள் 2007இல் ஒரு விசித்திர அனுபவத்தை எழுதினார்கள். ஆபாசப்படம் எங்கும் ஓடிக்கொண்டிருக்கிற மதுக்கூடங்கள், குளியல் விடுதிகள் போன்ற இடங்களிலிருந்து சோதனைக்கு அழைத்துவந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சோதனைச்சாலையில் காட்டிய படங்கள் எந்த விறைப்பையும் உண்டாக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் புலன் மழுங்கிற்றோ என்ற சந்தேகத்துக்கு இது வித்து. அமெரிக்கக் கடற்படை மருத்துவர்களும் வேறு சிலரும் 2016இல் எழுதிய கட்டுரை, சில நோயாளிகளை முன்வைத்து, தொடர்பு உண்டு என்று வாதிட்டது. எதிர்ப்பக்கம், 2015இல் லாண்ட்ரிபெட், ஷ்டுல்ஹோஃபர் இருவரும் குரோஷியா, நார்வே, போர்ச்சுகல் நாட்டு இளைஞர்களை ஆராய்ந்து, உறுதியான தொடர்பு எதையும் காணவில்லை. 2019இல் க்ரப்ஸ், கோலா இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. வெறுமனே பார்ப்பதற்கும் விறைப்புக் குறைபாட்டுக்கும் தொடர்பு காணோம். ஆனால் ‘என் பார்வை என் கைமீறிவிட்டது’ என்று உணர்கிறவர்களிடம் குறைபாடும் சேர்ந்தே இருந்தது. முன்னது பின்னதை உண்டாக்குகிறது என்பதற்குக் கிடைத்த சான்று சொற்பம். இயலாமையில் தவிப்பவன் யாரும் கேள்வி கேட்காத திரையில் போய் ஒதுங்குவதும் சாத்தியம்தானே.

உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையிலிருக்கும் தன் நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. சேர்க்கும்போதே ஓர் எச்சரிக்கையும் வைத்தது: ஒழுக்கக் கண்டனத்தால் மட்டும் எழுகிற மனவேதனை இந்த நோய் ஆகாது. ஒரு மருத்துவப் பட்டியல் இப்படிப் பாவ உணர்வையும் நோயையும் பிரித்துக்காட்ட நேர்ந்தது, இரண்டும் எத்தனை பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு அத்தாட்சி.

இந்தப் பின்னல் பழையது. 1760இல் திஸோ என்ற ஸ்விஸ் மருத்துவர், சுயமைதுனம் உடலை உருக்கிக் கொல்லும் என்று புத்தகம் போட்டார். ஐரோப்பா ஒன்றரை நூற்றாண்டு அதை நம்பிற்று. நம் பக்கத்தில் ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தம் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் நொந்து, எல்லாம் வெளியேறிவிட்டது என்று வருகிற இளைஞர்களைக் கண்டு, 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் அதற்குத் ‘தாது’ நோய்க்குறி என்றே பெயர் வைத்தார். இன்றும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ‘இளமையில் செய்த தவறா?’ என்று கேட்கிற நோட்டீஸ் இருக்கிறது. காம சக்தியைப் பெருக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சுவர் சட்டம் படிப்பதில்லை. குற்றவாளி மட்டும் மாறிவந்திருக்கிறான். முதலில் கை, பிறகு சரோஜாதேவி புத்தகம், பிறகு வீடியோ கேஸட், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தபின் ஃபோன். ஆனால் முன்பு கூவியவர்கள் தவறு என்பதால் இப்போது கூவுகிறவர்களும் தவறு என்று ஆகிவிடாது. முடிவில்லாமல் புதிதாகிக்கொண்டே போகிற படவரிசை முந்தைய மனிதன் அறியாத ஒன்று. அதனால் இந்தச் சரித்திரத்தை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. பயத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

நம் சொல்லே இந்தப் பயத்துக்கு உடந்தை. ‘ஆண்மைக் குறைவு’ என்கிறோம். ஓர் உறுப்பு ஓர் இரவு தவறியதற்கு முழு ஆளையே தள்ளுபடி செய்கிற சொல் இது. வள்ளுவர் பேராண்மை என்று ஒன்றைச் சொல்கிறார். பிறன் மனைவியை நோக்காமைக்கு அந்தப் பெயர். ஆண்மை பார்வையைச் சார்ந்தது என்று அவரும் கருதினார் போலும். ஆனால் நோக்கினால் உனக்கு இன்னது தளரும் என்று அவர் மிரட்டவில்லை. அது அறம், உடற்கூறு அல்ல. நம் காலத்து உபதேசிகளுக்கு அறத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆகவே அறத்தின் வேலையை விறைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ‘பார்க்காதே, தப்பு’ என்பதற்குப் பதில் ‘பார்க்காதே, அப்புறம் உனக்கு ஆகாது’. நாளைக்கே ஓர் ஆய்வு, எத்தனை பார்த்தாலும் ஆகும் என்று நிரூபித்துவிட்டால் இவர்கள் என்ன சொல்வார்கள்? படத்திலிருக்கிற பெண் சம்மதித்தாளா, அவளுக்குத் தெரிந்துதான் எடுத்தார்களா என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும். 2020 டிசம்பரில் உலகின் பெரிய ஆபாசத் தளம் ஒன்று, ஏற்றியவர் யாரென்று சரிபார்க்காத லட்சக்கணக்கான படங்களை ஒரேயடியாக நீக்கிற்று. அதுவரை அவற்றைப் பார்த்தவர்களில் நானும் இருந்திருக்கலாம். என் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு விடுதலைப் பத்திரம் ஆகுமா?

தன் உறுப்பைப் பற்றிய கவலையும் ஒருவகைச் சுயபோகம்தான் என்று எனக்குப் படுகிறது. அன்று ஒரு மணி நேரம் பேசிய நண்பன், மனைவி என்ன சொன்னாள் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் இருவரின் பேச்சிலும் அவள் இல்லை. 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்த ஒரு விவாகரத்து வழக்கில், மனைவி ஆபாசப்படம் பார்க்கிறாள் என்று கணவன் குற்றம் சாட்டியிருந்தான். தனிமையில் பார்ப்பது மட்டும் கணவனுக்குச் செய்த கொடுமை ஆகாது, மணமானதால் ஒரு பெண்ணின் தனித்துவம் போய்விடுவதில்லை என்று நீதிமன்றம் சொல்லிற்று. பார்க்கிறவள் என்று ஒருத்தி இருக்கலாம் என்பதே நம் விவாதங்களில் இதுவரை ஏறாத சங்கதி.

இனி உடம்பு. கடவுளுக்குப் பணியாத மனிதனுக்கு அவன் உறுப்பே பணியாமல் போனது தண்டனை என்று அகஸ்டின் ‘கடவுளின் நகரம்’ நூலில் எழுதினார். வேண்டாத நேரத்தில் எழுவதையும் வேண்டும் நேரத்தில் கைவிடுவதையும் அவர் கூர்ந்து கவனித்திருக்கிறார். இறையியலைக் கழித்துவிட்டாலும் கவனிப்பு நிற்கிறது. தூக்கம், கண்ணீர், கவிதை போல இதுவும் உத்தரவுக்கு வராத இனம். அச்சத்தில் நரம்பு முறுக்கேறும்போது ரத்தக்குழாய் சுருங்குகிறது. ‘ஆகணும்’ என்ற கட்டளையே ஆகவிடாமல் செய்கிறது. ஆனால் தூக்கத்தில், கட்டளையிடுகிறவன் இல்லாதபோது, உடம்பு தன் பாட்டுக்கு இயங்குகிறது. 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு மலிவான ஒரு சோதனை சொன்னார்கள். படுக்கும்போது தபால்தலை வரிசை ஒன்றைச் சுற்றி ஒட்டிக்கொள்ள வேண்டியது. காலையில் துளைவரிசையில் கிழிந்திருந்தால், பெரும்பாலும் உறுப்பு பழுதில்லை.

மாஸ்டர்ஸும் ஜான்ஸனும் 1970இல் வெளியிட்ட நூலில் ஒரு சொல் வருகிறது: பார்வையாளன் வேடம். படுக்கையில் இருந்தபடியே ஒதுங்கி நின்று, ஆகிறதா ஆகவில்லையா என்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவன். ஆபாசப்படத்துக்கும் இயலாமைக்கும் ஏதேனும் உள்ளார்ந்த தொடர்பு இருக்குமானால் அது இங்கேதான் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். படத்தின் உள்ளடக்கம் பெரிதல்ல. அது பழக்கிக்கொடுக்கிற இருக்கை பெரிது. திரைக்கு எதிரே இருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. யாரும் மறுப்பதில்லை, களைப்படைவதில்லை, ‘என்ன யோசிக்கிறீங்க’ என்று கேட்பதில்லை. அந்த இருக்கையில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவன், தன்னைத் திருப்பிப் பார்க்கிற ஒருத்தி முன்னால் வந்ததும், எழுந்து அவளிடம் போவதற்குப் பதிலாக இருக்கையை மட்டும் திருப்பிப் போட்டுத் தன்னையே பார்க்கத் தொடங்குகிறான்.

சங்க அகக் கவிதைக்கு ஒரு விதி உண்டு: தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது. ஆபாசப்படத்திலும் பெயர் இல்லை. ஆனால் அகத்தில் பெயரற்றவள்தான் பேசுகிறாள். தோழியிடம், தாயிடம், தன் நெஞ்சிடம் பேசித் தீரவில்லை. கூடலைக் காட்டாமல் குறிஞ்சி மலையைக் காட்டுவதும் நாணத்தால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பார்வையாளனுக்கு அங்கே இடம் போடவில்லை. கேட்பவனுக்கு மட்டுமே இடம்.

எங்கள் ஊரில் வேறொரு கண்ணும் உண்டு. நகரத்தார் மரபில் கலியாணமான தம்பதி ஒரு ‘புள்ளி’. கோயில் கணக்கில் அவர்கள் பேருக்கு வரி உண்டு. மற்ற சாதிகளில் ஏடு இல்லை, கணக்கு மட்டும் உண்டு. நாலாம் மாதமே ‘விசேஷம் உண்டா’ என்று கேட்டுவிடுவார்கள். வட்டிக்கடைக்கு ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கெடுவுக்கு ஆளை அனுப்பிய அந்த நாளிலாவது கடல் ஒரு சாக்கு. இப்போது சாக்கும் இல்லை. என் நண்பனின் அறையில் அவனைத் தவிர இன்னும் எத்தனையோ பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபோன் அவர்களில் ஒருவர்.

அப்படியிருக்க அவன் ஏன் ஃபோனையே பிடித்துக்கொண்டான்? வெகுநாள் கழித்துத்தான் எனக்கு இது புரிந்தது. குற்றம் தற்செயலைவிடத் தாங்கக்கூடியது. ‘நான் கெடுத்துக்கொண்டேன்’ என்றால் நானே சரிசெய்துகொள்ளலாம். ‘காரணம் தெரியவில்லை, என் வசத்திலும் இல்லை’ என்பதைத்தான் மனிதனால் பொறுக்க முடியவில்லை. பாவ அறிக்கையில் அதிகாரத்துக்கான ஓர் ஏக்கம் ஒளிந்திருக்கிறது. காரணமாக இருப்பது வேறு, குற்றவாளியாக இருப்பது வேறு என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த ஆய்வு சொல்லிற்று. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதயக் குழாய்க் கோளாறும் சில மாத்திரைகளும் இதைச் செய்யும். இதயத்துக்கு வரப்போவதன் முன்னறிவிப்பாகவும் இது இருக்கும். டாக்டரிடம் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குச் சர்க்கரை சுவாரஸ்யமாக இல்லை; பிம்பம் சுவாரஸ்யமாக இருந்தது. விமர்சகனின் வியாதி இது.

மோந்தேன் 1580இல் வெளியிட்ட கட்டுரைகளில், கற்பனையின் வலிமை பற்றிய ஒன்றில், இப்படி ஒரு நண்பரைச் சொல்கிறார். யாருக்கோ நேர்ந்த இயலாமையைக் கதையாகக் கேட்டவர், உரிய நேரத்தில் அந்தக் கதை நினைவுக்கு வந்து, தானும் அவ்வாறே ஆனார். கேட்டதுதான் நோய். பிறகு அவர் கண்ட பரிகாரம் எளியது: தனக்கு இப்படி ஆவதுண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. இதைப் படித்தபோது முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவருக்குக் கதை சொன்னவன் எவனோ, என் நண்பனுக்கு நான்.

அவனிடம் போய் இதைச் சொன்னேன். நான் அனுப்பிய கட்டுரையில் பாதி ஊகம், அதை நான் சோதிக்கவில்லை என்றேன். நானும் பார்ப்பவன்தான் என்பதையும் சொன்னேன். அன்று அதை மறைத்துவைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி நடந்துவந்தேன். மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தான். அவர் ஃபோனைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டாராம். முதலில் தூக்கம், சர்க்கரை, காலையில் எழும்போது எப்படி என்பது. அப்புறம், ‘வீட்ல என்ன சொல்றாங்க?’

அதற்கு அவனிடம் பதில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டை போனான். எல்லாவற்றையும் சொன்னானாம், ஃபோன் உட்பட. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் கேட்டது இவ்வளவுதான்: ‘ராத்திரியெல்லாம் நீங்க முழிச்சுக்கிட்டுக் கெடந்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நானும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்.’

பிறகு என்ன ஆயிற்று என்று அவன் சொல்லவில்லை. இந்தத் தடவை நான் கேட்கவில்லை.