வயிற்றுக்குள் ஐந்தாவது ஆள்

மலேசியத் தமிழர்கள் நாலு பேர் உட்கார்ந்து இனிப்புநீர் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பேச்சு ஒழுக்கத்தில் வந்து நிற்கும். யார் வாயைக் கட்டினார், யார் கட்டவில்லை. யார் தே தாரிக்கில் சீனியைக் குறைக்கச் சொன்னார், யார் தீபாவளிக்கு முறுக்கோடு நிற்காமல் நெய்யுருண்டையிலும் கை வைத்தார். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4. இந்த எண்ணைச் சொன்ன கையோடு "நம்ம ஆளுங்களுக்கு நாக்கு அடங்காது" என்று தீர்ப்பெழுதிவிடுபவர்களை பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் பார்த்திருக்கிறேன், இலக்கியக் கூட்டம் முடிந்த பிறகு மாமாக் கடையிலும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் கோபம் வந்ததற்குக் காரணம் கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா. தோட்டத்தில் பிறந்து, தோட்டம் வீட்டுமனையான பிறகு தாமானுக்குக் குடிவந்தவர். மெட்ஃபார்மின் ஆரம்பித்த மாதமே அவருக்கு வயிறு கலங்கத் தொடங்கியது. "பஸ்ல ஏறிட்டா நடுவுல எங்கடா இறங்குறது?" என்பார். வெளியே போகிற நாளில் மாத்திரையை விட்டுவிடுவார். சர்க்கரைக் கணக்கு ஏறியது. கிளினிக்கில் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "சொன்னா கேக்கவே மாட்டீங்களாம்மா?" என்றார். வயிறு போவதை ஓர் இளம் பையனிடம் சொல்ல பெரியம்மாவுக்குக் கூச்சம். சிரித்துவிட்டு வந்துவிட்டார். பிறகு வேறொரு டாக்டர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்ததும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. (மாத்திரையை நாமாகவே நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வேறு முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.)

மெட்ஃபார்மின் ஈரலில் வேலை செய்யும் மருந்து என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் குடலிலும் பெரிய வேலை இருக்கிறது என்பது பிற்பாடு தெளிவானது. கீழ்க்குடலுக்குப் போன பிறகே கரையும்படி செய்த மெட்ஃபார்மினைக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் மருந்து குறைவாகவே கலந்தது; ஆனாலும் சர்க்கரை இறங்கியது. 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்கு நான்கு மாதம் மெட்ஃபார்மின் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த மலத்தை, உடம்பில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குள் செலுத்தினார்கள். மருந்துக்குப் பிந்தைய மலத்தைப் பெற்ற எலிகள் சர்க்கரையை மேலாகக் கையாண்டன. இத்தனைக்கும் அந்த எலிகளுக்கு மாத்திரையே கொடுக்கவில்லை. மாத்திரை மாற்றிவிட்டிருந்த பாக்டீரியாக்களை மட்டும்தான் கொடுத்தார்கள்.

திருக்குறளில் மருந்து அதிகாரம் முடியும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். மருந்தைத் தவிர மற்ற மூவரையும் நம்மால் கேள்வி கேட்க முடியும். நோய் தீரவில்லை என்றால் மூவரில் ஒருவர் தவறியிருக்கிறார் என்று சொல்லலாம். நடைமுறையில் பெரும்பாலும் அது நோயாளிதான், அதுவும் ஏழை நோயாளி. இந்த நால்வருக்கும் நடுவில் கேள்வி கேட்க முடியாத ஐந்தாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் நம் நியாயத் தீர்ப்புகள் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் நீரிழிவில் இல்லை, இதய நோயில் இருக்கிறது. அதன் பாதி வேலூரில் நடந்தது.

டிகாக்ஸின் ஃபாக்ஸ்குளோவ் வகைச் செடியிலிருந்து வரும் மருந்து. தளர்ந்த இதயத்துக்கும் தாளம் தப்பிய இதயத்துக்கும் கொடுப்பார்கள். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு. சிலருக்கு மட்டும் வழக்கமான அளவு போதாமல் போனது. நியூயார்க்கில் ஜான் லிண்டன்பாம் என்ற மருத்துவரின் குழு 1981-ல் காரணத்தை வெளியிட்டது: ஏறக்குறைய பத்தில் ஒருவருடைய குடலில் பாக்டீரியாக்கள் டிகாக்ஸினைப் பெருமளவில் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. மாறிய பொருளுக்கு இதயத்தின் மேல் சக்தி கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்ததும் ரத்தத்தில் டிகாக்ஸின் அளவு இரண்டு மடங்கு வரைகூட ஏறியது. யோசித்துப் பாருங்கள். பாக்டீரியாவுக்கும் சேர்த்துக் கணக்கிட்டு அளவைக் கூட்டிக்கொடுத்த ஒரு நோயாளி, தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுகிறார். இத்தனை நாள் மருந்தாக இருந்தது அந்த வாரம் விஷமாகலாம். அவர் ஒரு மாத்திரைகூடத் தவறவிடவில்லை. டாக்டரும் தவறாக எழுதவில்லை.

அந்த பாக்டீரியாவின் இன்றைய பெயர் எகர்தெல்லா லென்டா. அதைக் கண்டுபிடித்த பிறகு லிண்டன்பாம் குழுவுக்கு வேறு ஊர்களில் எப்படி என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்களை ஆராய்ந்துவந்த வி.ஐ. மாத்தனோடு சேர்ந்தார்கள். தென்னிந்தியாவில் 204 பேர், நியூயார்க்கில் 186 பேர், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். டிகாக்ஸின் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். 1989-ல் முடிவு வெளியானது. நியூயார்க்கில் 36 விழுக்காட்டினரின் குடல் அந்த மருந்தை மாற்றியது. தென்னிந்தியாவில் 13.7 விழுக்காடுதான். தென்னிந்தியர்களுக்குள்ளேயே நகரத்துக்காரர்களைவிடக் கிராமத்தவர்களிடம் இன்னும் குறைவு.

இதைப் படித்ததும் பெருமைப்படத் தோன்றும். "பார்த்தியா, பழைய சோறும் மோரும் குடிச்ச வயிறு" என்று வாட்ஸ்அப்பில் ஓடவிடுவதற்கு ஏற்ற செய்தி. ஆனால் மருந்தைத் தின்னாத குடல், அதைத் தின்னும் குடலுக்கென்று கூட்டிவைத்த அளவைச் சந்தித்தால் என்ன நடக்கும்? இதயம் தாளம் தவறும். இங்கே எந்தக் குடலும் உயர்ந்ததல்ல.

இன்னொன்றும் அதில் இருக்கிறது, என்னை அதிகம் உலுக்கியது அதுதான். இந்தியர்களின் மலத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தபோது, டிகாக்ஸினை மாற்றக்கூடிய பாக்டீரியாக்கள் நியூயார்க்காரர்களிடம் இருந்த அளவுக்கே இவர்களிடமும் இருந்தன. இருந்தும் உடம்புக்குள் அவை அந்த வேலையைச் செய்யவில்லை. ஏன் என்பதற்கு ஒரு துப்பு 2013-ல் கிடைத்தது: புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைய கிடைத்தால் எகர்தெல்லா லென்டா டிகாக்ஸினைத் தொடுவதில்லை. எலிகளிலும் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது ரத்தத்தில் மருந்தின் அளவு கூடியது. வேலூர்க் கிராமங்களுக்கு இதுவே விளக்கம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிராமங்களில் புரதம் வழிந்தோடியிருக்காது. யார் குடியிருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

இதனால்தான் 'நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா' என்ற விளம்பர மொழி எனக்குப் பிடிப்பதில்லை. சல்ஃபாசலசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுப்பது. விழுங்கும் வடிவத்தில் அது பூட்டிய பெட்டி; குடல் பாக்டீரியா அதை இரண்டாக உடைத்தால்தான் உள்ளே இருக்கும் மருந்து வெளியே வரும். இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்தில் கதை தலைகீழ். ஈரல் சிரமப்பட்டு நஞ்சை முடிச்சுப்போட்டுக் குடலுக்கு அனுப்புகிறது. அங்கே பாக்டீரியா அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. நோயாளிக்குக் கடும் வயிற்றுப்போக்கு. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே குடலில் ஒரு பாக்டீரியா அதை டோபமினாக மாற்றிவிடுகிறது. அந்த டோபமினால் மூளைக்குள் நுழைய முடியாது. அவிழ்ப்பதும் உடைப்பதும் அவற்றின் பிழைப்பு. நம் நோயைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஒழுக்கச் சொற்களை அவற்றின் மேல் ஒட்டினால் நிற்காது.

இதையெல்லாம் சொன்னால் நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்ப யாரும் எதுக்கும் பொறுப்பு இல்லையா? சானாய் நாலு தின்னுட்டு பாக்டீரியா மேல பழி போட்டுடலாமா?" நியாயமான கேள்வி. என்ன தின்கிறோம் என்பது அந்த பாக்டீரியாக்களையும் மாற்றும். ஆகவே நம் கை விலகிவிடவில்லை. ஆனால் பொறுப்பு வேறு, பழி வேறு. நடந்ததை விசாரித்த பிறகுதான் பழி சொல்ல முடியும். ஐந்தாவது ஆளை விசாரிக்காமலே நோயாளியின் குணத்தைப் பற்றித் தீர்ப்பெழுதுவது சோம்பேறித்தனம். அதை மருத்துவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபக்கம், இந்த அறிவியலை அரைகுறையாக எடுத்துக்கொண்டு "மனிதனில் பத்தில் ஒன்பது பங்கு பாக்டீரியா" என்று சொல்லி டப்பா விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கே பழையது. 2016-ல் திருத்திக் கணக்கிட்டதில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம் செல்கள் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சமம். வாடகைக்காரன் வீட்டுக்காரனை விழுங்கிவிடவில்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சன்வேயில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜோகூரின் செகாமாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஜக்கூன் பூர்வகுடியினர் ஆகியோரின் குடல் பாக்டீரியாக்களை ஒப்பிட்டார்கள். 2021-ல் வெளிவந்தது. ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தும், அவர்கள் பார்த்த காரணிகளில் இனமே முதன்மையான வேறுபாடாகத் தெரிந்தது. நல்ல ஆய்வு. ஆனால் இந்த நாட்டில் இனம் என்ற சொல் ஆய்வுக்கூடத்துக்குள் நிற்காது. நாக்கு அடங்காது என்ற வாக்கியம் நாளைக்குக் குடல் சரியில்லை என்று மாறி, "நம்ம ஆளுங்க" மட்டும் அப்படியே இருந்துவிடும். அதற்கு வேலூர் ஆய்வே பதில் வைத்திருக்கிறது. அங்கே கிராமத்தவரும் நகரத்தவரும் ஒரே மக்கள். அவர்கள் குடல் வேறு வேறாக நடந்துகொண்டதற்கு ரத்தத்தைக் காரணம் சொல்ல முடியாது. செகாமாட்டில் இனம் என்று பதிவானதும் பெரும்பாலும் அடுப்பங்கரையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்: என்ன எண்ணெய், என்ன பருப்பு, யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்.

என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கப்பல் ஏறியவர். வேலூர் ஆய்வில் மாத்திரை விழுங்கியவர்களில் எங்களுக்குத் தூரத்து உறவு யாரேனும் இருந்திருக்கலாம். இங்கே வந்தவர்களுக்குத் தோட்டத்து லயம், டிரெசர் வரிசையில் நிற்கவைத்து ஊற்றிய மருந்து, பிறகு அடுக்குமாடி, காலையில் ரொட்டி சானாய், சளி பிடித்தால் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக். இத்தனையும் தாண்டி வந்த குடல் அந்தக் கிராமத்து வரிசையில் நிற்குமா, நியூயார்க் வரிசையில் நிற்குமா, இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றிலா? வேலூரில் அதை அறிய அவர்கள் ஆரம்பித்தது ஒரு மாத்திரையோடும் சிறுநீர் பிடிக்க ஒரு குப்பியோடும்தான்.