அம்மாவின் முடிச்சு

நான் சிறுவனாக இருந்தபோது ஊர்த் தெரு மளிகைக் கடையில் அம்மா காசைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். "சாமி, உப்பு குடுங்க." கடைக்காரர் தண்ணி தெளித்துக் காசை எடுப்பார். மீதிச் சில்லறை மேலேயிருந்து விழும்.

இன்று அந்தக் கடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது. போனைக் காட்டினால் போதும், "இருபது ரூபாய்" என்று பெட்டி கத்துகிறது. "பெரியப்பா, இப்ப யாரும் காசை வீசி எறியறதில்ல" என்கிறான் தம்பி மகன். உண்மைதான். ஆனால் தொடவேண்டிய தேவையே போனபிறகு தீண்டாமை ஒழிந்ததா, இல்லை அதற்கு வேலை மிச்சமா? எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

அவமானம் குறைந்த இடத்தில் கால் தயங்காமல் போகிறது. செலவும் கூடுகிறது. 2016இல் யுபிஐ வந்தது. அந்த ஆண்டே நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அவைதான். கூலியைக் கையில் வாங்கியவர்கள் தவித்துப்போனார்கள். பலரும் போனுக்கு மாறியது அந்தத் தவிப்பிலிருந்துதான்.

அம்மா காசை முந்தானையில் முடிந்து வைப்பாள். அவிழ்க்கும்போதே 'இது வேணுமா, அரிசிக்கு இருக்கா' என்று மனசு கணக்குப் போடும். போனுக்கு முடிச்சில்லை. நோட்டைக் கொடுக்கும்போது உறைக்கிறது, போனில் உறைப்பதில்லை. "எங்க போச்சுன்னே தெரியல" என்கிறான் பையன், மாசக் கடைசியில்.

"இவங்களுக்குக் காசு கிடைச்சா வச்சிக்கத் தெரியாது" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர் பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது என்று எட்டுத் தடைகள் போட்டவர்களின் வாரிசுக் குரல் அது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். நாம் வாங்கி உடுத்துவதே குற்றமாக இருந்த நாட்டில், செலவு பாவம் என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஆனால் வாங்கும் உரிமை வேறு, வாங்கவைக்கப்படுவது வேறு. பணம் கட்டும் அதே போனில்தான் நிமிஷத்தில் கடன் தருகிறேன் என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் முடிச்சு வறுமையின் முடிச்சு, அதைப் புனிதமாக்க வேண்டாம். என்றாலும் அதை அவிழ்க்க எடுத்த அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குச் சொந்தம். அந்த நேரத்தைப் பையனிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள்?

"ராத்திரி படுக்கறதுக்கு முன்ன செலவை எழுதி வையிடா" என்றேன்.

"யாருக்குக் காட்ட?"

"யாருக்கும் வேணாம். ஊர்க்காரனும் கேக்க வேணாம், கம்பெனிக்காரனும் கேக்க வேணாம். நீ கேளு."